காத்து இல்ல, வெனிங்

வெனிங், நீ சந்தையிலேருந்து வர்றதுக்குள்ள நான் சுரபாயா பஸ் ஏறியிருப்பேன். ஆமா, தனியாத்தான். ஆறு மாசத்துல முதல் தடவை.

சோயா தெம்பே பொரிச்சு மூடி வச்சிருக்கேன். சாவி எதிர்வீட்டு சுலாஸ்த்ரி அக்காகிட்ட.

நேத்து டாக்டர் முன்னாடி உன் மேல எரிஞ்சு விழுந்தது தப்பு. "இதயத்துல ஒண்ணுமில்ல, இது பீதி நோய்"னு அவர் சொன்னதும், "உடம்புல காத்து புகுந்திடுச்சுன்னு இவதான் தைலம் தடவி, காசால முதுகைச் சுரண்டிக்கிட்டே இருந்தா"ன்னு பழியைத் தூக்கி உன் மேல போட்டேன். நெஞ்சு படபடன்னு அடிச்சு, இதோ செத்தேன்னு நான் கிடந்தப்பல்லாம் முதுகுல உன் கைதானே இருந்துச்சு? அதை மட்டும் அவர்கிட்ட சொல்லல.

நம்ம பொண்ணு லாரஸ் மத்தியானம் காலேஜ்லேருந்து வருவா. அவளுக்கும் திடீர்னு மூச்சு முட்டுதாம். எங்கம்மாவுக்கும் இப்படித்தான், அதையும் காத்துன்னுதான் சொன்னோம். குடும்பத்துல இருந்தா பிள்ளைங்களுக்கும் வரலாமாம், பெரும்பாலும் இந்த வயசுலதான் ஆரம்பிக்குமாம். "என்னடி பயம் உனக்கு"ன்னு அதட்டாதே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

சுகெங்

பி.கு. தைலக் கிண்ணத்துல இருக்கற காசை எடுத்து வச்சிடாதே. வந்ததும் முதுகு சுரண்டி விடணும். காத்துக்காக இல்ல.

காசு கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல, கையை வை.