எந்தத் துவக்கு என்று சொல்லுங்கள்

ரெய்னர்ஸ் லேன்,
லண்டன்.
மாசி, வெள்ளிக்கிழமை

என்றும் மதிப்புக்குரிய ராசா அண்ணைக்கு,

தங்கை வசந்தமலர் எழுதுவது. குளிரைத் தவிர இங்கே குறையொன்றுமில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, மச்சாளின் சீனி வருத்தம் எந்த மட்டில் என்று அறிய விருப்பம். ஒட்டுசுட்டானில் இந்த முறை மழை காலத்துக்குப் பெய்ததாக சற்குணம் சொன்னார். அவர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பறக்கிறார். இந்தக் கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும், மச்சாளிடம் கொடுக்கக் கூடாது என்று சொல்லி விட்டிருக்கிறேன். பார்சலில் மச்சாளுக்குக் கம்பளிச் சட்டை, உங்களுக்கு முழங்காலுக்குப் பூசுகிற களிம்பு.

போன் இருக்கக் கடிதம் என்னத்துக்கு என்று நினைப்பீர்கள். போனில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நீங்கள் போனை மச்சாளிடம் கொடுத்துவிடுவீர்கள். தைப்பொங்கலன்றும் அப்படித்தான் செய்தீர்கள். கடிதத்தை அப்படிக் கொடுத்துவிட ஏலாது.

விஷயம் இதுதான். உங்கள் பேத்தி கம்சிகாவுக்கு மான் சுட ஒரு துவக்கு வேண்டும். அதற்கு பொலிஸ் அனுமதி வேண்டும். வீட்டில் இருக்கிற உங்கள் மகள், என் மருமகள் பிரசாந்தினி வாய் திறந்து ஓம் என்று சொல்லாததால் அது இழுபடுகிறது. பங்குனி பிறந்து இரண்டாம் வியாழக்கிழமை பொலிஸ்காரி திரும்ப வருவா. அன்றைக்கும் பிரசாந்தினி பேசாமல் இருந்தால் கம்சிகாவின் வேலை போய்விடும்.

அவளுடைய வேலை உங்களுக்குத் தெரியும். லண்டனுக்கு வடக்கே ஒரு பெரிய காட்டில் மான்களைக் கணக்குப் பார்த்துக் குறைக்கிற வேலை. இந்த நாட்டில் புலியுமில்லை, நரி மானைப் பிடிக்கிறதுமில்லை. மான் பெருகிக் கன்று மரங்களை எல்லாம் தின்றுவிடுகிறதாம். கோயில் மடப்பள்ளியில் வைத்து, எல்லாரும் கேட்க, நகுலேஸ்வரி "உங்கட பேத்தி டொக்டருக்குப் படிப்பாள் எண்டு பாத்தம், மான் சுடப் போட்டாளாமே" என்றா. நான் விடவில்லை. "உங்கட மோன் முப்பது வயசிலயும் கொம்பியூட்டருக்குள்ள இருந்து சுடுறான். என்ர பேத்தி மெய்யாச் சுடுறாள், சம்பளமும் எடுக்கிறாள்" என்றேன். அதன் பிறகு அவ எனக்குப் பஞ்சாமிர்தம் பரிமாறவில்லை. பரவாயில்லை.

இவ்வளவு நாளும் காட்டுக்காரரின் துவக்கை அவர்களின் கண்முன்னால் வைத்துத்தான் சுட்டாள். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் சொந்தத் துவக்கும் சொந்த அனுமதியும் இருக்க வேண்டும். அவள் கையில் இருக்கிற காசுக்குப் புதிது வாங்க ஏலாது. பழசில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறாள். இரண்டும் நடுவால் முறித்து ஒரேயொரு ரவையைப் போட்டு மூடுகிற சாதி. உங்களுடையதும் அந்தச் சாதிதான், ஆனால் அது ஒரு வெடிக்குப் பல சன்னம் சிதறுகிற சன்னத் துவக்கு.

பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. ஒன்றின் பிடி கறுப்புப் பிளாஸ்டிக், மற்றதின் பிடி மரம். நான் கறுப்பன், மரத்தான் என்று பெயர் வைத்தேன். இப்போது கம்சிகாவும் அப்படியே சொல்கிறாள்.

கறுப்பன் பாரம் குறைவு. அவளோ மெலிந்த பிள்ளை, நாள் முழுக்கத் தோளில் சுமக்க அதுதான் சுகம் என்கிறாள். குழாய் மெல்லிசு, சூடானால் வெடி அங்குமிங்கும் போகும். ஆனால் வேட்டைக்கு முதல் வெடிதானே கணக்கு. மரத்தான் பாரம். ஈரக் காலத்தில் மரம் ஊதிக் குழாயை நெருக்குமாம், அப்போது குறி கொஞ்சம் விலகும். அந்த இடத்தை அரத்தாளால் தேய்த்தால் சரிவரும் என்று துவக்குக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். விரலால் இழுக்கிற விசையும் இறுக்கம். அதோடு மல்லுக்கட்டி இழுக்கிற நேரத்தில் துவக்கு வலப்பக்கம் அசைந்துவிடுகிறது.

இரண்டையும் நூறு மீற்றரில் வைத்துச் சுட்டு அந்தக் கடதாசிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குசினி மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். கறுப்பனின் மூன்று துளைகளையும் என் குங்குமச் சிமிழின் மூடியால் மூடலாம். மரத்தானின் மூன்றையும் மூட தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. அதுவே போதும், மானின் நெஞ்சுக்கூடு அதைவிடப் பெரிது என்று காட்டுக்குப் பொறுப்பானவர் சொன்னாராம். கம்சிகா அதை ஏற்கவில்லை. "மான் நடக்கும் அப்பம்மா, காத்தடிக்கும், எனக்குக் கை நடுங்கும். இவ்வளவும் பிழைவிடேக்க துவக்கும் பிழைவிட்டா மான் காயத்தோட ஓடிப்போய் எங்கயோ கிடந்து சாகும்" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

பிரசாந்தினி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. கடதாசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டா, கீழே விழுந்தால் வெடிக்குமோ என்று. ரவையை அடிக்கிற சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் வெடிக்காது அம்மா என்று கம்சிகா சொன்னாள். "அப்ப, இழுத்திருந்தா?" என்றா பிரசாந்தினி. பதிலுக்கு நிற்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டா. அன்றைக்கு அவவுக்கு ஷிப்ட் இல்லை.

அரிசி ஊறப்போட்டது நினைவு வந்து எழும்பிப் போனேன். இப்போது தொடர்கிறேன்.

பொலிஸ்காரி முதல் தரம் வந்ததையும் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினா, என் உளுந்துவடையை இரண்டு தரம் கேட்டு வாங்கினா. துவக்கை வைக்கிற இரும்புப் பெட்டியை மகன் நிரூபன் மாடிப்படிக்குக் கீழே சுவரோடு பூட்டியிருந்தான். சாவி எங்கே இருக்கும், யாருக்குத் தெரியும் என்று அந்தப் பிள்ளை கேட்டா. நிரூபன் வாய் திறக்க முன்னம் நான் முந்திவிட்டேன். எங்கள் வீடுகளில் சாவி யாரிடம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. சாமியறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே என் கொத்தைக் காட்டி, "ஓல் கீஸ், மீ" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன். பெட்டிச் சாவியும் அதில்தான் தொங்கியது, குங்குமப் பொட்டோடு.

அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. துவக்குக்கு உரியவரைத் தவிர வேறொருவருக்கும் சாவி இருக்கும் இடமே தெரியக்கூடாதாம். கம்சிகா தலையில் கை வைத்தாள். "ஐயோ அப்பம்மா, அவ கேட்டது என்னட்டை" என்றாள். ஐம்பது வருடமாய் இந்தக் குடும்பத்தில் பூட்டென்று ஒன்று இருந்தால் அதன் சாவி என்னிடம்தான். இது எனக்கு எப்படித் தெரியும்? சரி, அது திருத்திக்கொள்ளக் கூடியது. இப்போது எண் அடித்துத் திறக்கிற சின்னப் பேழை ஒன்று வாங்கிச் சாவியை அதற்குள் வைத்திருக்கிறாள். எண் எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

திருத்த ஏலாமல் போனது மற்றது. வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டோ என்று அந்தப் பிள்ளை ஒவ்வொருவராகக் கேட்டா. நிரூபன் இல்லை என்றான். நானும் இல்லை என்றேன். பிரசாந்தினி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அந்தப் பிள்ளை எதையோ குறித்துக்கொண்டா. வேண்டாம் என்று சொன்னால்கூடக் காரணம் கேட்டுப் பேசலாம், பேசாமல் இருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று வாசலில் வைத்து நிரூபனிடம் சொன்னா.

நான் பிரசாந்தினியைக் குறை சொல்லவில்லை. மருமகளாய் வந்த நாளில் இருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. இரண்டு நாள் கழித்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது அவவாகவே சொன்னா. "மாமி, அப்பா நல்ல துவக்கெண்டு சொல்லித்தானே வாங்கினவர்." சொல்லிவிட்டு வெங்காயத்தை அள்ளிச் சட்டியில் போட்டா.

இனி நான் எழுதப் போவதைக் கம்சிகா தாய்க்குச் சொல்லவில்லை. எனக்கு மட்டும்தான் சொன்னாள், பஸ்ஸில் வரும்போது.

இரண்டு துவக்கையும் அந்தக் கடைக்காரர் சோதித்துப் பார்த்திருக்கிறார். ரவை இல்லாமல் மூடி, சுத்தியலை இழுத்து வைத்து, பிடியின் அடியை ரப்பர் விரிப்பில் குத்திப் பார்ப்பாராம். மரத்தானின் சுத்தியல் அசையவில்லை. கறுப்பனின் சுத்தியல் மூன்றாம் குத்தில் டக்கென்று விழுந்துவிட்டது. ஒருவரும் விசையைத் தொடவில்லை. திறந்து பார்த்தால், சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கிற கொக்கியை முன்பு வைத்திருந்த யாரோ அராவியிருக்கிறார்கள், விசை இலகுவாய் விழ வேண்டும் என்று. குறி அவ்வளவு அச்சொட்டாய் இருந்ததன் காரணமும் அதுதான். புதுக் கொக்கி போட்டால் விசை இறுகும், மூடிக்குள் விழுந்த வெடி கோப்பைக்குப் போகும். கொக்கி மாற்றாமல் இதை வாங்காதே என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆனால் துவக்கு அவருடையதல்ல. விற்கிறவர் வேறு ஆள். அவர், கொக்கியிலே கை வைத்தால் துவக்கே பழுது என்கிறார்.

கம்சிகாவின் மனம் கறுப்பனில்தான். மான் கண்ணில் பட்டு, குறி வைத்து முடிந்த பிறகுதான் சுத்தியலை இழுப்பேன், பிறகென்ன பயம் என்கிறாள். அவள் கவனமான பிள்ளை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அப்பம்மா பயப்படுகிறா என்று கழுத்தைக் கட்டிக் கொஞ்சிவிட்டுப் போய்விடுவாள்.

அண்ணை, உங்கள் துவக்கைக் கொல்லனிடம் கொடுத்துக் கொக்கியை அராவிக்கொண்டு வந்த அன்று நீங்கள் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பூவைத் தொட்டதுபோல விழும் என்றீர்கள். நான்தான் உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தேன்.

உங்கள் மகன் லதீசனும் கவனமான பிள்ளைதான். பன்றியைக் கண்டு சுத்தியலை இழுத்திருக்கிறான். பன்றி போய்விட்டது, அவன் சுத்தியலை இறக்கி விடவில்லை. துவக்கை வேலியில் சாத்திவிட்டு, வேலியைத் தாண்டுகிற கடப்பில் ஏறினான், அது சரிந்து வெடித்தது. பிரசாந்தினி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவள். பத்து வயது. அண்ணா துவக்கில் கை வைக்கவில்லை, கை வைக்கவில்லை என்று செத்தவீட்டில் வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னாள். பிள்ளை பயந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு போய் உள்ளே படுக்க வைத்தார்கள். பெடியன் விசையில் விரல் வைத்து விளையாடினான் என்றுதான் ஊரில் கதை நின்றது. நீங்கள் அன்றைக்குப் பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. நான் கேட்க வரவுமில்லை. உங்கள் பிள்ளை, உங்கள் துக்கம்.

ஆனால் இப்போது கம்சிகாவிடம் எது நல்ல துவக்கு என்று சொல்லக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். நான் சொன்னால் அது பயம். கடைக்காரர் சொன்னால் அது வியாபாரம். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்.

மரத்தான் என்று நீங்கள் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதைக் கம்சிகாவுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டாம். பிரசாந்தினிக்கு எடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் வீட்டில்தான் இருப்பா, உங்களுக்கு அப்போது இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். எந்தத் துவக்கை வாங்கலாம் என்று உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஏன் என்று அவ கேட்பா. அப்போது போனை மச்சாளிடம் கொடுக்காதீர்கள், அண்ணை. அந்தக் கொக்கியின் கதையையும் சொல்லுங்கள்.

பிள்ளையார் உங்களுக்குப் பலம் தரட்டும். களிம்பைப் படுக்க முன்னம் பூசுங்கள், சூடு பறக்கும், பயப்பட வேண்டாம்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும் தங்கை,
வசந்தமலர் அம்பலவாணன்