வேதத்துக்குள் புகுந்த அடுப்பு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஆண்டவர் கிருபையால் கைகால் சுகத்தோடும், வாய் மட்டும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகத்தோடும் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். மாப்பிள்ளை நன்றாகச் சமைக்கிறார் என்றும் நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்றும் சொன்னாய், வேலையைச் சரியாகத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். மாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, கீழ்வீட்டுத் தையல்காரம்மா சண்டைக்கு வருவதற்குள் ஆள் பிடித்து அடைக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது உங்கப்பா பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்ததும், நான் போனைப் பிடுங்கி வைத்ததும் உனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் அந்த மனுஷர் நடுவில் புகுந்து கண்ணு காது மூக்கு வைத்துச் சொல்லுவார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், உள்ளது உள்ளபடி.

உங்கப்பா கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது நான் பட்ட பாடு உனக்குத் தெரியும், என் சமையலறையில் நின்றுகொண்டு பாத்திரங்களைக்கூட உள்ளே தள்ளு உள்ளே தள்ளு என்று அடுக்கிக்கொண்டிருந்தார். போதகர்தான் அந்தக் குரல் வீணாகப் போக வேண்டாம் என்று வேதம் வாசிக்கிற வேலையில் சேர்த்துவிட்டார், அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும். மலைக்கு அந்தப்புறம் மரம் அறுக்கும் முகாமில் இருக்கிற நம் ஜனங்களுக்கு எழுத்து தெரியாது, போதகர் வருஷத்தில் ஒரு தரம் எட்டிப் பார்த்தாலே பெரிசு. அதனால் உங்கப்பா வாசிப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தின் மேல் விரலை வைத்துச் சரிபார்ப்பேன், போன் ரிப்பேர் கடைக்காரத் தம்பி பதிவு செய்வான். அவனுக்குச் சீழ்காது, எந்நேரமும் பஞ்சு வைத்திருப்பான், எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுகிறார்கள், சத்தம் பிடிக்கிற வேலைக்கு ஆண்டவர் யாரைத் தேடிப் பிடித்திருக்கிறார் பார். பதிவானதை மெமரி கார்டில் போட்டு, மரலாரி டிரைவர் கொண்டுபோய் முகாமில் சமையல்காரம்மாவிடம் கொடுப்பார். அந்த அம்மா அடுப்படியில் ஓடவிட்டுக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி, சாயங்காலம் மற்றவர்களுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பாள். ஒரு புத்தகம் முடிந்ததும் அவள் ஒப்பிப்பதை டிரைவர் தன் போனில் பிடித்துக்கொண்டு வருவார், நான் மறுபடி விரலை வைத்துக்கொண்டு கேட்பேன், இங்கிருந்து போனது போனபடி அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க.

உன் அறைதான் இப்போது பதிவு அறை. ஜன்னலுக்கு உன் மெத்தை, கதவுக்குக் கம்பளி, சத்தம் வருமென்று ஃபேன் போடக் கூடாது. உங்கப்பா பனியனோடு தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். வாசிப்பு நல்ல வாசிப்புதான், இல்லையென்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். ஆனால் வம்ச வரலாறு வந்தால் பஸ் நிறுத்தங்களைச் சொல்கிற மாதிரி சொல்லி, ஒவ்வொரு பேருக்கும் நடுவில் ஆள் ஏற நேரம் விடுவார். கப்பல் உடைந்தால் நான் அப்பவே நினைச்சேன் என்பார். யாராவது செத்துப்போனால் ஐயோ பாவம், பெத்தவ என்ன பாடு பட்டிருப்பா என்பார், மைக்குக்குள்ளேயே. நான் எத்தனையோ தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், கடைசியில் போதகரிடம் போய், வேதத்தில் ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும் யாராக இருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்று ஒரு சட்டம் போடச் சொன்னேன். அவரும் போட்டார். யாராக இருந்தாலும் என்று அழுத்திச் சொன்னவள் நான்தான், இதை நினைவில் வைத்துக்கொள். அன்றிலிருந்து, அந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று பாட்டுக்குழுத் தலைவர் தினமும் தொண்டையைக் கனைத்துக்கொண்டே நம் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். உங்கப்பாவும் பயந்துபோய் ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்போஸ்தலர் சிறையில் இருந்துகொண்டு, தான் பிள்ளை மாதிரி வளர்த்தவனுக்கு எழுதின கடைசிக் கடிதத்தை முகாமுக்கு அனுப்பியிருந்தோம். அதன் முடிவில் பெரிய பெரிய உபதேசமெல்லாம் சொல்லிவிட்டு, வரும்போது நான் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டு வா, புத்தகங்களைக் கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு என்று நம் வீட்டுக் கடிதம் போலவே எழுதியிருப்பார், எனக்கு அந்த இடம் எப்போதும் பிடிக்கும். போன வாரம் டிரைவர் கொண்டுவந்த பதிவை வைத்துக் கேட்டோம். நானும் உங்கப்பாவும் பஞ்சுவும் உட்கார்ந்திருக்கிறோம். சமையல்காரம்மா தண்ணி ஓடுகிற மாதிரி ஒப்பிக்கிறாள், ஒரு எழுத்து பிசகவில்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேலங்கி வந்தது, புத்தகங்கள் வந்தன, அடுத்த மூச்சில், என்னங்க, அடுப்பை அணைச்சீங்களா இல்லையா, பால் என்னாச்சு, என்று வந்தது. அதே பக்தியோடு, அதே ராகத்தோடு. அதுவும் யார் ராகம் என்று நினைக்கிறாய்? என் ராகம்! பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள். என் விரல் அப்படியே நின்றுவிட்டது. உங்கப்பா சிரித்தார் பார், பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். பஞ்சு மட்டும், என்னண்ணே, என்னாச்சு, என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். அந்தக் கடைசி அதிகாரத்தைப் பதிவு செய்த அன்று தெருவில் மரலாரி கார்டுக்காக நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது, அடுப்பில் பால், உங்கப்பா முகத்தைத் துடைக்க ஒரு நொடி நிறுத்தினார், அந்த இடைவெளியில் நான் கேட்டிருக்கிறேன், அவர் தலையை ஆட்டியிருக்கிறார். பிறகு நானே ஒரு தரம் முழுக்க ஓடவிட்டுச் சரிபார்த்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். விரல் பக்கத்தின் மேல் இருந்தது, காது எங்கே போயிருந்ததோ. கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை, என் காதுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை. டிரைவரைப் பிடித்து, அந்த அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்டேன். அவர் சொல்கிறார், அதெல்லாம் வந்துச்சும்மா, அவங்களே தீத்துக்கிட்டாங்க, பெரியவர் ஜெயில்ல குளிர்ல கிடக்கார், மேலங்கி கேக்கறார், பக்கத்துல சமைச்சுப் போட ஒரு அம்மா இருந்திருப்பாங்க, அவங்க கேக்கறாங்க, நல்ல கேள்விதானேன்னு. அதோடு விட்டார்களா, மரத்தூளுக்கு நடுவில் குடியிருக்கிற ஜனம், அந்த இடம் வந்ததும் தினமும் ஒருத்தர் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம்.

சிரிக்காதே. எனக்கு அன்று வந்த கவலை கொஞ்சமில்லை. நாற்காலி போவதைப் பற்றிக்கூட இல்லையடி. அவர்களுக்கு எழுத்து தெரியாது, நாம் அனுப்புவதை அப்படியே நம்பி வாங்கிக்கொள்கிறார்கள். இந்த ஒரு வரி வேதமில்லை என்று தெரிந்தால், மற்றதில் எத்தனை வரி இப்படியோ என்று தோன்றாதா, எனக்கே தோன்றுமே. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, சொன்னால் இவ்வளவு நாள் செய்ததெல்லாம் கைவிட்டுப் போகலாம். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிட்டதே என்று அழுதுவிட்டேன். உங்கப்பா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டினார், எங்கே போகிறார் என்றுகூட நான் கேட்கவில்லை. நேரே போதகரிடம் போய், அடுப்பு விஷயம் மைக்கில் பேசினது நான்தான், நாற்காலியை நான் விட்டுடறேன், அவள் இருக்கட்டும், என்று சொல்லியிருக்கிறார். போதகர் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, அண்ணே, உங்க குரல் எப்போ இவ்வளவு மெலிசாச்சு, உங்களையே நீங்க என்னங்கன்னு எப்போலேருந்து கூப்பிடறீங்க, என்று கேட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போன மனுஷர் திருட்டு முழியோடு வந்து நின்றார். எனக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, நீயே சொல், எப்படி வரும்.

மறுநாள் நானே மைக் முன்னால் உட்கார்ந்தேன். தாயி, அந்த அடுப்பு வரி வேதத்தில் இல்லை, அது நான் என் வீட்டுக்காரரைக் கேட்டது, சரிபார்க்க வேண்டியவளும் நான்தான், தப்பு என்னுடையது, அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்து அனுப்புகிறோம், பழையதை அழித்துவிடு, உன்னிடம் கற்றுக்கொண்டவர்கள் ஒவ்வொருத்தரிடமும் இதைச் சொல்லு, என்று பேசினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முகாமிலிருந்து ஏற்றிவர அந்த வாரம் மரம் இல்லை, லாரி போக வேண்டிய வேலையே இல்லை, அந்த டிரைவர் நல்ல மனுஷர், காலி வண்டியாகவே போய்வருகிறேன் என்று கிளம்பினார். அவர் திரும்பி வருகிறவரை நான் யாரோடும் பேசவில்லை, உங்கப்பாவுக்கு அது ஒரு திருவிழா.

நேற்று டிரைவர் வந்து போனை நீட்டினார். சமையல்காரம்மா சொல்கிறாள், அம்மா, எங்களுக்குப் படிக்கத் தெரியாது, நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்க பேரப்பிள்ளைங்க வரைக்கும் அது வேதமாவே இருந்திருக்கும், யார் வந்து கேக்கப்போறா, ஒத்தை வரிக்காகக் காலி லாரியை இந்த மலை ஏத்தி அனுப்பினீங்களே, மிச்சத்தை எப்படிப் பார்த்துப் பார்த்து அனுப்பியிருப்பீங்கன்னு இங்க எல்லாரும் அதையேதான் பேசிக்கிறோம், என்று. அடியே, அதை நான் மூன்று தரம் ஓடவிட்டுக் கேட்டேன். அதோடு இன்னொன்றும் சொன்னாள். அந்த வரியை வேதத்திலேர்ந்து எடுத்துட்டோம், ஆனா விட மனசு வரல, ஆமென் சொல்லி முடிச்சப்புறம் தனியா ஒருத்தர் அடுப்பை அணைச்சாச்சான்னு கேக்கறோம், அணைச்சாச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டுத்தான் படுக்கப் போறோம், அதுல ஒண்ணும் பாவமில்லையேம்மா, என்று கேட்டாள். போதகர் யோசித்துப் பார்த்துவிட்டு, பாவமில்லை என்று சொல்லிவிட்டார்.

என் நாற்காலியையும் போதகர் பிடுங்கவில்லை. ஆனால் வாசிப்பு நடக்கும்போது நான் வாயில் ஒரு கற்கண்டு போட்டுக்கொண்டு இருக்க வேண்டுமாம், அதுதான் தண்டனை. ஒவ்வொரு அதிகாரத்துக்கும் உங்கப்பா டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார், அந்த முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பாட்டுக்குழுத் தலைவர் இந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். இந்தக் கடிதத்தையும் உங்கப்பா வாங்கி வாசித்தார், கடைசியில் நானும் ரெண்டு வரி சேர்க்கிறேன் என்றார், பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு சொல் கூட்ட விடமாட்டேன்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேலை வேலை என்று நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடாதே, தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். அங்கே குளிர் தொடங்கப்போகிறது என்றாய், பெட்டியின் அடியில் நான் மடித்து வைத்த கம்பளிச் சட்டையை எடுத்துப் போடு. படுக்கப் போகும்போது ஜெபம் பண்ணி ஆமென் சொன்னதும், ஒரு நிமிஷம் எழுந்துபோய்ப் பார், அடுப்பை அணைச்சியா இல்லையா? இது வேதத்தில் இல்லை, உன் அம்மா கேட்கிறது.

என்றென்றும் உன் நினைவாகவே இருக்கும்,
வாயில் கற்கண்டோடு,
உன் அம்மா