மன்னார்புரத்திலிருந்து வந்த பதினோரு பேர்

சேசு மரி சூசை துணை

புத்தூர், திருச்சி-17
27.11.1983

அன்பு மகள் லூர்துராணிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், ரூர்கேலாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, கம்பளியைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டு வெறும் புடவையோடு அலையாதே. உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று கோபித்திருப்பாய், கை ஒழியவில்லையம்மா. சந்தோஷமான சேதிதான், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

போன வருஷம் மருதை என்று ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்தத்துக்கு ஒரு சீட்டு, எக்ஸ்ரேவுக்கு ஒரு சீட்டு என்று அவர் மனைவி கட்டடம் கட்டடமாக ஓடினாள், டாக்டர் ஒரு பக்கம், ஆபரேஷன் தியேட்டர் சாவி இன்னொரு பக்கம். இரண்டு மணி நேரம் கழித்து மூன்றாவது சீட்டோடு அவள் திரும்பி வரும்போது அவர் வராந்தாவிலேயே போய்விட்டார். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது, அவரவர் வேலையை அவரவர் செய்தோம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ சாவு பார்த்தவள்தான், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரியை நடத்துகிற மதரிடம் போய், "அடிபட்டு வர்றவங்களுக்குன்னு ஒரு ஆளைப் போடுங்க மதர், வாசல்ல இறக்குறதுலேருந்து வீட்டுக்கு அனுப்புற வரைக்கும் எல்லாத்துக்கும் அந்த ஆளே பொறுப்பு" என்றேன். நடையாய் நடந்த பிறகு இந்த மே மாதம் பதினைந்தாம் தேதி, "நீங்களே பாருங்க பாக்கியமேரி, ஆறு மாசம் டயம், சரிப்படலைன்னா பழையபடி வார்டுக்குப் போயிடணும்" என்று சொன்னார்.

அடிபட்டவர் வந்ததும் வாசலில் மணி அடித்தால் எந்த நர்ஸ் எங்கே நிற்பது, யார் ரத்தம் எடுப்பது, தியேட்டருக்கு யார் சொல்வது எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். புதன்கிழமை தோறும் அட்டெண்டர் காத்தானை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஒத்திகை பார்த்தோம், அவரும் நிஜமாக அடிபட்டவர் மாதிரியே முனகுவார், பாதி நாள் சிரிப்பை அடக்க முடியாது. டெலிபோனில் இருக்கிற ஜஹானாரா, ரத்தம் கொடுக்கச் சம்மதித்த காலேஜ் மாணவர்கள் பெயரையெல்லாம் ஹாஸ்டல் வாரியாக எழுதிவைத்துக்கொண்டாள். வருகிறவர் கையில் நான் சிவப்புத் துணி கட்டினால் அவருக்குத்தான் முதல் இடம், மஞ்சள் கட்டினால் கொஞ்சம் பொறுக்கலாம் என்று ஏற்பாடு. பெரிய சர்ஜன் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன சிஸ்டர், கல்யாண வீடா, ஆளுக்கொரு வேலை பிரிச்சுக் குடுக்குறீங்க" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, ஆனாலும் ஒட்டிய தாளைக் கிழிக்கவில்லை.

ஆறு மாதம் முடிய நாலு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மருங்காபுரியிலிருந்து வந்த பஸ் மன்னார்புரத்தில் ஒரு லாரியோடு மோதி, பதினோரு பேரை ஒரே வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். மணி அடித்தேன். ஒருத்தர் தலை உடைந்து சட்டையெல்லாம் ரத்தமாகக் கத்துகிறார், எல்லாரும் அவரிடம் ஓடுகிறார்கள். கடலை மூட்டையோடு ஏறிய வேலம்மாள் என்ற அம்மாள் மட்டும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா, அவரப் பாருங்க, இந்த எடது தோளுதான் லேசா வலிக்குது" என்கிறாள். தோளில் ஒரு கீறல்கூட இல்லை, வயிற்றுக்குள் அடிபட்டாலும் அந்தத் தோள் வலிக்கும். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது, பல்ஸ் பறக்கிறது, வயிற்றில் இடது பக்கம் கைவைத்ததும் துடித்துப்போனாள். சிவப்பை எடுத்துக் கட்டினேன். அன்று டூட்டியில் இருந்தவர் ஸ்ரீரங்கத்து டாக்டர் சௌரிராஜன், சின்ன வயசு, நல்ல மனுஷர்தான், "சிஸ்டர், அந்தம்மா உக்காந்து பேசிண்டிருக்காங்களே, தலையில அடிபட்டவரை முதல்ல அனுப்பலாமே" என்றார். "சார், அவருக்குத் தோல்தான் கிழிஞ்சிருக்கு, அழுத்திக் கட்டியாச்சு, தெளிவாப் பேசுறார், இந்தம்மாவுக்கு வயித்துக்குள்ள ரத்தம் போகுது, இவங்கதான் முதல்ல போகணும்" என்றேன். சொல்லிவிட்டேன், ஆனால் நான் சொன்னது தப்பாகிப்போனால் என் வேலை மட்டுமா போகும், காத்திருக்கிற அந்த மனுஷர் கதி என்ன? டாக்டர் குனிந்து பி.பி. பார்த்தார், எண்பதுக்கு இறங்கியிருந்தது. உடனே அவரே ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். வாசலிலிருந்து தியேட்டர் கதவுக்கு இருபத்து மூன்று நிமிஷம், நான் கடிகாரம் பார்த்து எழுதிவைத்திருக்கிறேன்.

ஜஹானாரா போன் போட்ட அரை மணியில் ஒன்பது மாணவர்கள் சைக்கிளில் வந்து நின்றார்கள். இதில் உன் அப்பா கதையையும் கேள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், இன்னும் ரத்தம் வேண்டும் என்று கேட்டதும் கேரியரைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார், கோழி அறுத்தாலே கொல்லைப் பக்கம் போய்விடுகிற மனுஷர்! கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தார், அப்புறம் ஒரு வாரம் தெருவில் வேறு பேச்சே இல்லை. மத்தியானம் பெரிய சர்ஜன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து என்னைத் தேடிக்கொண்டு நடந்து வந்தார். "மண்ணீரல் கிழிஞ்சிருந்துது சிஸ்டர், இன்னும் பத்து நிமிஷம் தாமதமாயிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது, நீங்க எழுதி ஒட்டியிருக்கிறதுல எனக்கு ஒரு காப்பி வேணும்" என்றார். தலை உடைந்தவர் தையலோடு எழுந்து டீ கேட்டார், லாரி கிளீனருக்குக் கால் முறிவு, இன்னும் வார்டில் இருக்கிறார். பதினோரு பேரில் ஒருத்தரைக்கூட நாங்கள் விடவில்லையம்மா, ஒருத்தரைக்கூட! சாயங்காலம் மதர் வந்து நோட்டில் பதினோரு பெயரையும் விரல் வைத்து எண்ணினார், "ஆறு மாசக் கணக்கெல்லாம் இனிமே வேண்டாம், இது இந்த ஆஸ்பத்திரியில எப்பவும் இருக்கும், நீங்கதான் நடத்தணும்" என்றார். தனி அறை, தனி போன், கூட இரண்டு நர்ஸ்.

முந்தாநாள் வேலம்மாள் குணமாகி வீட்டுக்குப் போனாள். காத்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார், அவள் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டாள், "பஸ்ஸ விட்டு எறங்கி ஊருக்கு நடந்துதான் போகணும், இங்கயே பழகிக்கிறேன்" என்று கேட் வரைக்கும் நடந்தாள், நர்ஸுகளெல்லாம் வராந்தாவில் வந்து நின்று பார்த்தார்கள். யூனிபாரத்தில் நான் அழுததே கிடையாது, அன்றைக்கு அழுதேன், வெட்கப்படவும் இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் உடனே ரத்தம் சோதித்து என்ன வகை என்று எனக்கு எழுத வேண்டும், மறந்துவிடாதே, ஊருக்கெல்லாம் பட்டியல் வைத்திருக்கிற எனக்கு என் மகளுடைய ரத்தம் தெரியவில்லை. மாப்பிள்ளை சைக்கிளில் வேகமாகப் போகாமல் பார்த்துக்கொள். அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார். தேவமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பாக்கியமேரி
பொறுப்பு நர்ஸ், விபத்துப் பிரிவு
(ஒரு தடவை இப்படிக் கையெழுத்துப் போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, சிரிக்காதே.)