தலை ஒட்டிய கல்

பிரியமான பெரியண்ணை,

உங்கள் கல்லுக்குத் தலை முளைத்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

வட இங்கிலாந்தில், விட்பிக் கடற்கரையில் நீங்கள் பொறுக்கிய சுருள் கல்லைத்தான் சொல்கிறேன். நீங்கள் கண்மூடிய பிறகு, உங்கள் விருப்பப்படியே, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று இங்கே லண்டனில் எங்கள் மோர்டன் மண்டபத்துக்குக் கொடுத்தேன். போன கிழமை போய்ப் பார்த்தால், அது கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பட்டின் மேல் இருக்கிறது. சுருளின் நுனியில் சாந்தில் செய்த நாகபாம்புத் தலை. தங்கப் பூச்சு. கழுத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது.

கீழே ஒரு பலகை: 'லண்டனில் தோன்றிய நாகக்கல்.' அதன் கீழே உங்கள் பெயர். நாகம் கனவில் வந்து இடத்தைக் காட்ட, நீங்கள் போய்த் தோண்டி எடுத்தீர்களாம். கனவா, அண்ணை? நீங்களா?

மண்டபத் தலைவர் பக்கத்தில் நின்றார். ஒருவரை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"இது பாம்பில்லை. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தின கடல் பிராணி. நாங்கள் கறி வைக்கிற கணவாய்க்கு உறவு."

"கணவாயோ?" அவர் சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஐயோ மாஸ்டர், அடுத்த வெள்ளிக்கிழமை ஐயர் பூசைக்கு வாறார். மீன் மச்சத்தைக் கொண்டுவந்து பட்டில வைச்சிருக்கெண்டு சொல்லிப்போடாதேங்கோ!"

"ஆனா தலை..."

"தலை இல்லாட்டி ஆர் வந்து பாக்கிறது? அண்டைக்கு மைக்கில நீங்களே அண்ணன்ர கனவைச் சொல்லுங்கோ. அவருக்குத்தானே பேர்."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டியது ஓம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது, விட்பியில் நீங்கள் சொன்னதை ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். பழைய காலத்தில் அந்த ஊரார் இவற்றைப் பாம்பு என்றார்கள். ஒரு துறவிப் பெண் கல்லாக்கினாள் என்றார்கள். தலை எங்கே என்று கேட்டால், இன்னொரு துறவியின் சாபம் என்றார்கள். அதுவும் போதாமல் உளியெடுத்துத் தலை செதுக்கி, வந்துபோகிறவர்களுக்கு விற்றார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கும் முன், இதே லண்டனில் ஓர் அறிஞர் இத்தகைய கற்களை ஆராய்ந்து, உள்ளே அறை அறையாக இருப்பதைக் கண்டு, இவை ஒருகாலத்தில் உயிரோடிருந்தவை என்றார். கல் தானாகவே இப்படி வளரும் என்று படித்தவர்களே அவரை மறுத்தார்கள். இந்த நாட்டில் அந்த ஒரு உண்மை நிலைபெறவே எத்தனை காலம் எடுத்தது!

விட்பிக்காரர் தெரியாமல் செய்தார்கள் என்றாவது சொல்லலாம். எங்கள் தலைவர் பொறியியல் படித்தவர்.

கல்லைக் கும்பிடுவது எனக்கு அருவருப்பில்லை. சாளக்கிராமமும் இதே இனத்துக் கல்தான். அதை உள்ளபடியே வைத்துக் கும்பிடுகிறார்கள். யாரும் தலை ஒட்டுவதில்லை. இங்கே நாறுவது பொய். அதுவும் உங்கள் பெயரில்.

ஆனாலும் தடுக்க நான் யார்? பலகையில் உங்கள் பெயர் இருப்பது அண்ணிக்கு ஆறுதலாக இருக்குமோ? தோர்ண்டன் ஹீத் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லிக் கேட்டேன்.

"கனவில நாகமோ?" அண்ணி சிரித்தார். "அந்த மனிசன் ரீவியில பாம்பைக் கண்டாலே காலைத் தூக்கிக் கதிரையில வைக்கிற ஆள்!"

பிறகு சிரிப்பு நின்றது.

"அவரைப் பொய்யனாக்கிப்போட்டு அவற்ற பேரை எழுதுறதோ? மைக்கைத் தந்தால் வாங்குங்கோ தம்பி. நான் முன்னுக்கு வந்து இருக்கிறன்."

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மைக்கில் சொல்லப் பக்கம் பக்கமாக எழுதி, கிழித்து, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: என் அண்ணன் கனவு காணவில்லை. இது கணவாய்க்கு உறவு. தலையைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கல்லைத் திருப்பித் தாருங்கள்.

ஐயர் முகம் சுளிக்கலாம். சபை சிரிக்கலாம். நான் சொல்வதில் எங்காவது பிழை இருக்குமோ என்று இன்னும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். குரல் நடுங்கும், அது நிச்சயம். நடுங்கினாலும் கணவாய் என்ற சொல்லை நான் விழுங்கமாட்டேன், அண்ணை. இது உங்களுக்குத் தரும் வாக்கு.

பாம்புக்குப் பயந்த அண்ணனுக்கு,
மைக்குக்குப் பயந்த தம்பி.