கடிதத்தின் பின்பக்கம்

எண் 63
4 மார்ச் 2019, திங்கட்கிழமை, காலை மணி 6.40
பொருள்: குளத்தின் வயது

சாலைத் துறையின் அளவையாளர்கள் சனிக்கிழமை மாலை படிக்குளத்தின் மேற்குச் சுவரில் சிவப்புச் சாயத்தால் ஓர் அம்புக்குறி இட்டுச் சென்றிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறியும் கோணலாக இருக்கிறது. புதிய சாலை வருமானால் குளமும் அதன் கீழுள்ள மூன்றடுக்குத் தோட்டமும் போய்விடும். வீடும் முகப்பு மரங்களும் மட்டும் மிஞ்சும்.

தடுக்க ஒரே வழி, குளம் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்வது. அது எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதற்கு அக்காலத்து ஆவணம் வேண்டும். கடைசி நாள் 29 மார்ச், வெள்ளி. இதைச் சொல்ல வந்த அதிகாரி ஒரு பெண்மணி. பென்சிலால் குறிப்பெடுக்கிறார், நல்ல பழக்கம். 1996இல் நான் எழுதி அச்சிட்டு, இன்றும் வாயிலில் பார்வையாளர்களுக்குக் கொடுத்துவரும் தோட்ட வழிகாட்டியைக் காட்டினேன். பக்கம் 14: 'குளம் 1943 ஏப்ரலில் நிறைவுற்றது.'

"இதை எழுதினது யாருங்க ஐயா?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்கு நீங்களே சாட்சி சொல்ற மாதிரி ஆயிடுமே."

அவர் சொன்னது சரி.

எண் 64
7 மார்ச் 2019, வியாழக்கிழமை, முற்பகல் மணி 11.15
பொருள்: அப்பாவின் கடிதக் கட்டுகள்

1941 முதல் 1945 வரை அப்பா எழுதியவற்றின் நகல்களும் அவருக்கு வந்தவையுமாக 212 கடிதங்கள். நான்கு நாள்களில் அனைத்தையும் படித்து முடித்தேன். விதைகள், ஒட்டுக் கன்றுகள், எருவின் தரம் பற்றி ஒரே வியாபாரிக்கு ஒன்பது கண்டனங்கள். குளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

தங்கை காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "எருக்காரனுக்கு ஒன்பதா? அம்மாவுக்குக்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டார்."

சொன்னவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று எனக்கும் அந்தக் கணமே விளங்கியது. 1943 மார்ச் முதல் ஜூன் வரை அம்மா இங்கு இல்லை. இவளைப் பெற்றெடுக்கத் தம் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா வாரந்தோறும் அவருக்கு எழுதியிருப்பார். அம்மாவின் பெட்டி இவளிடம்தான் இருக்கிறது.

"தேடிப் பார்க்கணும் அண்ணா," என்றாள். இந்த வீட்டில் எந்தக் கரண்டி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள்.

எண் 65
9 மார்ச் 2019, சனிக்கிழமை, மாலை மணி 4.30

தங்கை ஒரே ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒற்றைத் தாள், இரு பக்கமும் எழுதியது. போர்க்காலம், தாளுக்குத் தட்டுப்பாடு. முன்பக்கத்தில்: 'குளத்தின் கடைசிப் படியைப் பதித்து ஆறு வாரமாகிறது. தண்ணீர் கசியாமல் நிற்கிறது.' இதைவிடச் சிறந்த ஆவணம் அமையாது. ஆனால் அப்பா கடிதத்தின் தலையில் தேதியிட மாட்டார். கையொப்பத்துக்குக் கீழேதான் இடுவார். ஆகவே தாளைத் திருப்பினேன். 21 மே 1943.

பின்பக்கத்தை இரண்டு முறை படித்தேன். இன்று மேலும் எழுத இயலாது.

எண் 66
10 மார்ச் 2019, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 7.05
பொருள்: 19 மே 1943 அன்று நடந்தது

வரிசைப்படி எழுதுகிறேன்.

அன்று புதன்கிழமை, மதியம். எனக்கு எட்டு வயது. புதுக் குளத்திலிருந்து தண்ணீர் படிப்படியாக இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். மதகுப் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினேன். தூக்க முடிந்தது, திரும்பப் போட முடியவில்லை. ஓடிவிட்டேன். கீழே நாற்றுப் பாத்தியில் இருந்த தொள்ளாயிரம் ஒட்டுக் கன்றுகளும் சேற்றோடு போயின.

பலகையைத் திறந்து போட்டவர் என்று தலைமைத் தோட்டக்காரர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மூன்றாம் நாள் அவர் மனைவியும் ஆறு வயது மகளும் பாத்திரங்களை வண்டியில் ஏற்றியதை வாயிற்கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியாது என்றே எழுபத்தாறு ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். தெரிந்திருந்தால் நியாயம் செய்திருப்பார் என்று எண்ணியிருந்தேன். அவர் அம்மாவுக்கு எழுதியிருப்பது:

'பலகையைத் தூக்கியவன் நம் பிள்ளை. மாடி ஜன்னலிலிருந்து என் கண்ணாலேயே பார்த்தேன். வேலையாட்கள் நடுவே அவனை நிறுத்த மனம் வரவில்லை. தோட்டக்காரன் கைத்தொழில் தெரிந்தவன், எங்கும் பிழைத்துக்கொள்வான். பையனிடம் நீ ஒன்றும் கேட்காதே.'

அம்மா கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை. பார்த்தாராம். அப்பா ஜன்னலில் நின்னு பார்த்தாராம்! பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி என்னைப் பக்கத்துல உட்கார வெச்சுச் சாப்பாடு போட்டாரே — எந்த மனசோட போட்டாரு?

எண் 67
12 மார்ச் 2019, செவ்வாய்க்கிழமை, காலை மணி 9.30
பொருள்: என் சொந்தக் கடிதம் ஒன்று

அப்பாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வழிகாட்டியின் பக்கம் 15இல் உள்ளது என் வாக்கியம்: 'தலைமைத் தோட்டக்காரரின் கவனக்குறைவால் அவ்வாண்டு நாற்றுகள் அனைத்தும் அழிந்தன.' தெரிந்தே எழுதினேன். அச்சில் பார்த்தபோது மனம் ஆறியதும் உண்மை.

1998 ஜூலையில் அந்தத் தோட்டக்காரரின் மகள் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். யாரோ கொடுத்து வழிகாட்டியைப் படித்திருக்கிறார். 'எங்கப்பா பலகையைத் திறந்து போடுகிறவர் அல்ல. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மேல்தோட்டத்தில்தான் இருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.'

வந்த கடிதத்துக்கு அன்றே பதில் எழுதுவது என் வழக்கம். எழுதிய பதிலின் நகல் கோப்பில் இருக்கிறது. இன்று எடுத்துப் படித்தேன். முழுவதும் இதுதான்:

'அம்மையீர், 19 மே 1943 புதன்கிழமை. தாங்கள் குறிப்பிட்டுள்ளவாறு செவ்வாய்க்கிழமை அல்ல. தங்கள் நினைவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.'

எண் 68
14 மார்ச் 2019, வியாழக்கிழமை, பிற்பகல் மணி 3.10

தங்கையிடம் கேட்டேன்: "நீ இதைப் படித்திருக்கிறாயா?"

"அம்மா தவறிப்போன வருஷமே படிச்சேன்."

அதாவது 1988. "ஏன் சொல்லவில்லை?"

"சொல்லி? நீங்க முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவீங்கன்னுதான்." கடிதத்தைத் தொட்டுக் காட்டி: "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. முன்பக்கத்தை நகல் எடுங்க. பின்பக்கத்துல தேதியும் கையெழுத்தும் மட்டும் தெரியற மாதிரி மடிச்சு இன்னொண்ணு எடுங்க. யாரு கேக்கப்போறா?"

அவளை அதட்டினேன். அவள் போன பிறகு மடித்துப் பார்த்தேன். அழகாகவே மடிந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறகு அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தேன். அசல்தான் வேண்டுமாம்; மையையும் தாளையும் சோதிப்பார்களாம். இரு பக்கமும் கோப்பில் சேரும், கேட்பவர் யாரும் பார்க்கலாம். "ஏங்க ஐயா, அதுல ஏதாவது சிக்கலா?" என்றார். இல்லை என்றேன்.

எண் 69
15 மார்ச் 2019, வெள்ளிக்கிழமை, மாலை மணி 6.00

யாருக்கும் எழுதவில்லை. நான்கு கடிதங்கள் பதிலுக்குக் காத்திருக்கின்றன. இதுவரை இப்படி நேர்ந்ததில்லை.

எண் 70
20 மார்ச் 2019, புதன்கிழமை, பிற்பகல் மணி 2.20
பொருள்: தோட்டக்காரரின் மகளைச் சந்தித்தது

1998 கடிதத்தில் இருந்த அதே முகவரி: பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு. அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை, இருபத்திரண்டு படிகள். அவர் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்திரண்டு வயதிலும் இயந்திரத்தின் முன்தான் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அடடே, சின்ன ஐயாவா? வாங்க. என்ன, மறுபடியும் ஏதாவது தேதியைத் தப்பா எழுதிட்டேனா?"

கடிதத்தை நீட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். திருப்பினார். பின்பக்கத்தில் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அறையின் தரை அதிர்ந்தது.

"அதுக்கப்புறம் எங்கப்பா செடியையே தொடலை. மூட்டை தூக்கினாரு. சாப்பிட உக்காந்தா எங்கம்மாவைக் கேப்பாரு, 'அன்னைக்கு நான் பலகையைப் போட்டேனா இல்லையா?'ன்னு. 'போட்டீங்க'ம்பாங்க அம்மா. 'நீ பாத்தியா?'ம்பாரு. அம்மா பாக்கலை. பொய் சொல்லவும் வராது. பேசாம சோத்தைப் போடுவாங்க. சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொன்னாரு, 'நான்தான் மறந்திருப்பேன்போல.'"

எனக்கு அப்போது எட்டு வயது என்று தொடங்கினேன்.

"எட்டு வயசுப் பிள்ளையை யாரு கேட்டா? நான் உங்களுக்கு எழுதினப்ப உங்களுக்கு என்ன வயசு?"

அறுபத்து மூன்று. அவருக்கு அந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தது.

மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுத்ததும் கையை அசைத்துத் தடுத்தார். "அதெல்லாம் வேணாங்க. இந்தத் தாளு எங்க வீட்ல இருக்கணும். எங்க பிள்ளைங்க எங்கப்பா பேரைச் சொல்றப்ப எடுத்துக் காட்டணும்."

29ஆம் தேதியையும் அசலையும் குளத்தையும் பற்றிச் சொன்னேன். வேறு வழியின்றித்தான் சொன்னேன். சொல்லும்போதே பேரம் பேசுவதுபோல் ஒலித்தது.

"அப்ப உங்க குளத்துக்கா எனக்கான்னு யோசிச்சுட்டு வாங்க. நான் எங்க போகப்போறேன்?"

தாளைத் திரும்ப என் கையிலேயே கொடுத்துவிட்டார். பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எண் 71
24 மார்ச் 2019, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 10.45

"நீங்க குடுத்தப்புறம் அந்தம்மா கோபத்துல கிழிச்சுப் போட்டுட்டா?" என்று தங்கை கேட்டாள்.

"கிழிக்கலாம்."

"குளம்?"

"போகலாம்."

"எழுபத்தாறு வருஷமா இந்தத் தோட்டத்தைத் தவிர வேற என்ன தெரியும் உங்களுக்கு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் குளத்தைச் சுற்றி இருமுறை நடந்தேன். அப்பா நின்றிருந்த ஜன்னலை அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தேன். பலகையருகே நிற்கும் ஒரு சிறுவன் யார் என்று அவ்வளவு தூரத்திலிருந்து ஐயமின்றித் தெரியும்.

எண் 72
28 மார்ச் 2019, வியாழக்கிழமை, முற்பகல் மணி 10.00
பொருள்: அதிகாரிக்கு எழுதிய கடிதம்

நேற்று மாலை அந்த இருபத்திரண்டு படிகளையும் மீண்டும் ஏறினேன். வழக்கத்தை விட முடியாமல் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு ஒன்றையும் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "கையெழுத்து வேற போடணுமா நான்?" வேண்டாம் என்று சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கடிதத்தை இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்து மூடினார். அதிகாரிகள் வந்தால் காட்டுவாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கினேன்.

இன்று பாரம்பரியச் சின்னங்கள் துறை அதிகாரிக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்துடன் இணைத்தவை:

1. என் தந்தை என் தாயாருக்கு 21 மே 1943 அன்று எழுதிய கடிதத்தின் சான்றளிக்கப்பட்ட நகல், இரு பக்கங்களும், மடிப்பின்றி.

2. மதகுப் பலகையைத் திறந்தது நான் என்பதற்கு என் கையொப்பமிட்ட வாக்குமூலம். ஒரு பக்கம்.

3. தோட்ட வழிகாட்டி, ஒரு பிரதி. பக்கம் 15இல் ஒரு வரி அடிக்கப்பட்டுள்ளது. எஞ்சிய 340 பிரதிகளையும் வாயிலிலிருந்து எடுத்துவிட்டேன்.

4. தோட்டக்காரரின் மகள் 1998இல் எனக்கு எழுதிய கடிதம், அதற்கு நான் எழுதிய பதில்: நகல்கள்.

5. அசல் கடிதத்தின் தற்போதைய உரிமையாளரது பெயரும் முகவரியும். பார்க்க விரும்புவோர் அவருக்கு முன்கூட்டி எழுதி அனுமதி பெற வேண்டும். காட்டுவதும் மறுப்பதும் அவர் விருப்பம்.