மீனுக்குப் போட்ட பிளாஸ்டிக் சட்டை

என்ர பொல்லாத தம்பி அன்ரனுக்கு,

முதலில் ஒரு சின்னப் புதினம். எங்கள் லவாலுக்கு மெத்ரோ ரயில் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்று கால் விறைக்கிறது என்று ஒவ்வொரு குளிருக்கும் என்னைப் போட்டு அரித்தாயே, இப்போது வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் போதும். நீ போன கையோடு திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

பெரிய புதினம் உன்ர படங்களைப் பற்றியது. சொல்லவா விடவா என்று கன நாள் யோசித்தேன். சந்தோஷமாகப் போனவனை ஏன் குழப்புவான் என்றும் இருந்தது. ஆனால் உனக்கு ஒளித்து எனக்குப் பழக்கமில்லை.

யூதர்களின் கடைகளுக்கு ஊறுகாய்ப் போத்தலும் சோடாவும் ஏற்றிப் போகிற வான் ஓட்டுகிற வேலை உனக்கு. 2000ஆம் ஆண்டு பிறந்த குளிரில், மூடப்போகிற ஒரு பழைய கடையிலிருந்து ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாய். அந்தக் காலத்து உப்புமீன் விளம்பரம். பீப்பாய்க்கு மேலே ஒரு மீன், தலையில் கிரீடம், வாயெல்லாம் சிரிப்பு. கீழே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு எழுத்தும் விளங்காத, அவர்களின் யிடிஷ் மொழி.

"பீப்பாய்க்குள்ள போற மீனுக்கு என்னடா சிரிப்பு?" என்று கேட்டேன்.

"ஆர் கண்டது அக்கா, கனடா விசா கிடைச்சிருக்கும்."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் உனக்குக் கடைசிவரை விடவில்லை. தேயிலை, திராட்சை ரசம், சோடா என்று எந்தச் சுவரில் எது தொங்கினாலும் உன் கண்ணுக்குத் தப்பாது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் யாராவது செத்துப்போன தாய் தகப்பனின் வீட்டைக் காலிசெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், வேலை முடிந்து சாப்பிடாமலே ஓடுவாய். ஒருமுறை பாஸ்காப் பண்டிகைக்கு அவர்கள் சாப்பிடுகிற புளியாத அப்பத்தின் விளம்பரம் கிடைத்தது. பெரிய வியாழன் பூசையில் வாசிக்கிற அப்பத்துக்கு விளம்பரமும் இருக்கிறதென்று கோயில் வாசலில் நின்று போற வாற எல்லாருக்கும் சொன்னாய். சனம் என்னைத் தனியக் கூப்பிட்டு, "தம்பிக்கு ஒரு கலியாணத்தைப் பேசிச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்த ஒவ்வொரு படமும் அடுத்த நாளே, சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டித் தருகிற லமினேற் கடைக்குப் போகும். ஏனென்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு எல்லாரும் நடந்த அந்த மழையில் உன் பள்ளிக்கூடச் சோதனைச் சான்றிதழ் நனைந்து, மை கரைந்து, வெறும் நீலக் கறையாகிப் போனது. கொழும்பில் அதை வாங்கிப் பார்த்தவர், "இதில ஒண்டுமில்லையே தம்பி" என்று திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு நீ படிப்புப் பேச்சே எடுக்கவில்லை. இங்கே வந்ததும் ஞானஸ்நானச் சான்றிதழ், என் கலியாணப் பதிவு, அம்மாவின் படம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்குக்குள் போட்டாய். விட்டிருந்தால் என்னையும் போட்டிருப்பாய்.

உனக்கிருந்தது ஒரே ஒரு ஆசை. "அந்தச் சனத்தின்ர சாமான் அக்கா. அவையின்ர பிள்ளையள் வந்து பாக்கிற மாதிரி ஒரு நல்ல இடத்தில தொங்கவேணும். கீழ என்ர பேரைச் சின்னனாப் போட்டாக் காணும்" என்பாய். வானுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது உன் நெஞ்சு நின்றுபோனது. ஆசை என் தலையில் வந்து விழுந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும், யூதர்களின் பழைய கடைச் சாமான்களைச் சேர்க்கிற ஒரு காட்சிச்சாலைக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே மீனைக் கண்டு நெஞ்சில் கை வைத்தார். இப்படி ஒன்று இருந்ததென்று கேள்விப்பட்டதுதான், கண்ணால் கண்டதில்லை என்றார். எனக்கு நிலத்தில் கால் படவில்லை, அன்ரன்.

கிட்டப் போய்த் தொட்டார். கை அப்படியே நின்றது.

சூட்டில் பசை உருகிக் கடதாசிக்குள் இறங்கிவிட்டதாம். இனிக் கழற்ற ஏலாது, கழற்றினால் பிளாஸ்டிக்கோடு படமும் வந்துவிடும் என்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதே கதி. "மன்னியுங்கள், இவற்றை எங்களால் ஏற்க முடியாது" என்றார். குரலில் ஒரு துளி கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டார். "தெரியாமல் செய்துபோட்டான்" என்றேன். அந்த மழையைப் பற்றி ஒரு சொல் என் வாயில் வரவில்லை.

உனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே, அன்ரன். லமினேற் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்காதா? எதில் உனக்கு ஆசை கூடவோ அதைத்தான் முதலில் சூட்டுக்குக் கொடுத்தாய். படங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அந்த அறைக்குள் போகாமலே கொஞ்சக் காலம் இருந்தேன்.

பிறகு அதே பெண் போன் எடுத்தார். கோத்-டே-நேஜ் பக்கம் யூத முதியவர்களின் இல்லம் ஒன்றில் அவருடைய தாய் இருக்கிறாராம். மறதிநோய் வந்த ஆட்கள், கண்டதையெல்லாம் தொடுவார்கள், கொட்டுவார்கள். கண்ணாடிச் சட்டமும் போட ஏலாது, வெறும் கடதாசியும் நிற்காது. உங்கள் தம்பியின் படங்களைச் சாப்பாட்டு அறைக்குத் தருவீர்களா என்று கேட்டார். காட்சிச்சாலை கழித்துவிட்டதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சுள்ளென்றது. ஆனாலும் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு போய்ப் பார்த்தேன். ஒரு கிழவர் தேயிலைப் படத்தின் எழுத்துகள்மேல் விரலை வைத்து, சத்தமாக வாசித்துக்கொண்டு போனார். தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. யாரோ சூப்பைக் கொட்டிவிட, வேலைக்கு நின்ற பிள்ளை ஈரத்துணியால் ஒரு இழுவை இழுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொன்றுக்கும் கீழே உன் பெயர், நீ கேட்ட மாதிரியே சின்னதாக. நான் வெளியே நடைபாதைக்கு வந்து அழுதேன். ஆறுதல் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நீ நின்று பார்க்காத ஆறுதல் எனக்கு அரைவயிறுதான்.

அந்தப் பெண்ணின் தாய் சோடாப் படத்துக்கு முன்னால்தான் எப்போதும் இருப்பார். இதெல்லாம் யார் சேர்த்தது என்று கேட்டார். என் தம்பி என்றேன். எங்கே அவன், ஏன் வரவில்லை என்றார். செத்துவிட்டான் என்று சொன்னேன். முகம் சுருங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல அழுதார். சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு அவருக்கு ஒன்றும் நினைவில்லை. இதெல்லாம் யார் சேர்த்தது என்று திரும்பவும் கேட்டார். எனக்கு மனம் வரவில்லை, அன்ரன். வேலைக்குப் போய்விட்டான், முடிந்ததும் வருவான் என்றேன். "நல்ல பிள்ளை. வந்ததும் என்னிடம் கூட்டிக்கொண்டு வா, சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் நடக்கிறது. பூசை முடிய நான் போவேன். அவர் கேட்பார். நீ வேலையிலே நிற்கிறாய், பேந்து வருவாய் என்று நான் சொல்லுவேன். என் உயிர் உள்ளமட்டும் அந்த மேசையில் உன்னை நான் சாகவிடமாட்டேன்.

உனக்கு எடுத்துவைத்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்,
உன்ர அக்கா