ஐந்தாவதாக வந்த தோட்டா

லீமா, ஓஹியோ
ஜூன் 18, 1957

ஜெர்மனியில் உருளைக்கிழங்கு உரித்து நாட்டைக் காக்கும் வீரன் லீலண்டுக்கு,

பக்கத்து வீட்டு நாடீன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், ஒருவரைத் தவிர. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

போன சனிக்கிழமை தேர்வுப் போட்டி. தேறும் நால்வர்தான் ஆகஸ்டில் தேசியப் போட்டிக்கு கேம்ப் பெர்ரிக்குப் போவார்கள். உன் அப்பாவின் வாய்தான் உனக்குத் தெரியுமே, குறி தப்பினாலும் அது தப்பாது. என்னைப் பார்த்ததும், "வாம்மா நாடீன், துப்பாக்கி கனக்குதா? உங்கப்பாவை வந்து தாங்கிப் பிடிக்கச் சொல்லு" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள்.

அவர் காபி குடிக்கப் போனபோது, அவர் தோட்டாக்களை அடுக்கிவைத்திருந்த கட்டையில் கடைசி வரிசைக் கடைசிக் குழியில் இருந்ததை எடுத்துவிட்டு, மருந்தில்லாத தோட்டா ஒன்றைச் செருகினேன். அவர் எப்போதும் வரிசைப்படி எடுத்து, உருளையில் வலப்பக்கமாகவே ஐந்தையும் போட்டு, காலியான ஆறாவது அறையைச் சுத்தியலுக்கு நேரே வைப்பார். அவருடைய கோல்ட் துப்பாக்கியின் உருளையும் வலப்பக்கம்தான் சுற்றும். அதனால் கடைசியாகப் போட்டது முதலில் வரும். முதல் குண்டு வெடிக்காவிட்டால் சுற்றிலும் கேட்கும் சத்தத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர் நாலு கெட்ட வார்த்தை சொல்லி, கையைத் தூக்கி, மறுபடி சுடுவார். என் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அவர் கையில் இருந்தது கோல்ட் இல்லை. நீ விட்டுப்போன ஸ்மித்.

இரண்டும் கறுப்பு, ஆறங்குலக் குழல், வால்நட் மரப் பிடி. பத்தடி தள்ளி நின்றால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்மித்தின் உருளை இடப்பக்கம் சுற்றும். என் தோட்டா ஐந்தாவதாக வந்தது.

பத்து வினாடியில் ஐந்து சுட வேண்டும். மற்றவர்கள் முடித்தபின் ஒன்பதாவது வினாடியில்தான் அவர் கடைசிக் குண்டைச் சுடுவார், ஊரே பார்க்கட்டும் என்று. அன்று ஊரே பார்த்தது. நான்கும் நடுவட்டத்தில். மைதானம் முழுக்க அமைதி. டக். குண்டு வரவில்லை, குழல் மட்டும் இரண்டங்குலம் கீழே குத்தியது. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். இருபது வருடச் சாம்பியன், தன் துப்பாக்கிச் சத்தத்துக்கே பயந்து கை உதறுகிறார்.

"என்ன ஆஸ்ட்ராண்டர், தூண்டில்ல மீன் கடிச்சுதா?" என்று யாரோ கத்த, வரிசையே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்.

மறுபடி சுட வாய்ப்புக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அணித்தலைவர் ஹாஸ்கின்ஸ் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார். அடுத்து இருந்தது என் பெயர்.

வெடிக்காத தோட்டாவை அவர் பார்ப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று அவர் துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கப் போனேன். மூடிக்குள் உன் பெயருக்கு ஒரு கடிதம் செருகியிருந்தது. "லீலண்ட், உன் ஸ்மித்தில் சுட்டேன். புள்ளி" என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டு, அதன் கீழே, "நீ சொன்னதுதான் சரி. வீட்டுக்கு வா." எந்தத் துப்பாக்கி உசத்தி என்று சண்டை போட்டுத்தானே நீ வீட்டைவிட்டுப் போனாய்?

அவர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். அந்தத் தோட்டாவை விரலில் உருட்டிப் பார்த்தார். "இதெல்லாம் அவன் பெட்டியிலேருந்து எடுத்த தோட்டா. போறப்பவே எனக்குன்னு ஒண்ணு வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா, அவன் அப்படித்தான்" என்று வந்துவிட்டது.

ஸ்மித்தை என்னிடமே நீட்டினார். "எடுத்துட்டுப் போ. இனிமே என் கண்ணுல படக் கூடாது." நல்ல துப்பாக்கி, லீலண்ட். விரல் நினைப்பதற்குள் விசை விழுகிறது. பெர்ரிக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன்.

விஷயம் தெரிந்தால் ஹாஸ்கின்ஸ் என்னை நீக்கிவிடுவார். இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவன் நீ. இன்னும் இரண்டு மாதம் சும்மா இரு. செப்டம்பரில் நானே அவரிடம் சொல்கிறேன். சத்தியம்.

தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் தினமும் வெளியே வந்து நிற்பார். உனக்கு அது தெரிந்திருக்காது. சனிக்கிழமைக்குப் பிறகு வருவதில்லை. அதனால் நீ எழுதாமலிருப்பது அவருக்கு இப்போது பெரிதாகத் தெரியாது.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. எனக்கு மட்டும் எழுது.

உன் நாடீன்